செக்குக்கு ஒரு வேகம், மோட்டருக்கு ஒரு வேகம்

வணக்கம் நேயர்களே. கியர்பெட்டியைப் பற்றிக் கதைக்கச் சொல்லிக் கூப்பிட்டிருக்கினம். பாவம், அவைக்குத் தெரியாது நான் இதைத் தொடங்கினா நிப்பாட்ட மாட்டன் எண்டு. வீட்டில இப்ப ஆரும் காது குடுக்கினமில்லை, அதால உங்களிட்ட வந்திருக்கிறன்.

செக்கடியில நிண்டு நல்லெண்ணெய் வாங்கின ஆக்களுக்குத் தெரியும், செக்கு ஆறுதலாத்தான் சுத்தும், நிமிசத்துக்கு ஒரு பத்துப் பன்னிரண்டு சுத்து. வேகமாச் சுத்தினா எள்ளுச் சூடாகி எண்ணெயின்ர மணம் கெட்டிடும். ஆனா மோட்டர் ஆறுதலாச் சுத்தத் தெரியாத சாமான். எங்கட கறண்ட் 50 ஹேர்ட்ஸ், நாலு போல், அதாவது நாலு காந்த முனை உள்ள சாதாரண மோட்டர் லோட் ஏத்தினா 1440 சுத்து மட்டில நிக்கும். நேர 12 சுத்துக்கு மோட்டர் செய்யிறதெண்டா 500 முனை வேணும், அது செக்கை விடப் பெரிசா வந்திடும். அதால பெல்ட்டில மூண்டு மடங்கு, மிச்சம் நாற்பது மடங்கு கியர்பெட்டியில, மொத்தம் 120 மடங்கு குறைக்கிறம். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990 இல நிக்க முதல் அங்க வேலை செய்த ஆக்கள் ஆரும் கேட்டுக்கொண்டிருந்தா சிரிப்பினம், சீமெந்துச் சூளைக்கு முன்னால செக்கு வேகக்காரன், சூளை நிமிசத்துக்கு ஒண்டு ரெண்டு சுத்துத்தான்.

இதில கவனிக்க வேண்டியது, வேகம் குறையேக்க முறுக்கிற பெலன் கூடுது. சேத்து வயலுக்க லாண்ட்மாஸ்டர், அதுதான் ரெண்டு சில்லு உழவு மெசின், பிடிச்ச ஆக்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, அதே எஞ்சின்தான், முதல் கியரில உழும், மேல் கியரைப் போட்டா நிண்டிடும். அப்ப கறண்டின்ர ஹேர்ட்ஸை மாத்திற இன்வேட்டர் ஒண்டைப் போட்டு மோட்டரின்ர வேகத்தைக் குறைச்சா காணாதோ எண்டு தம்பிமார் கேக்கினம். வேகம் குறையும், பெலன் கூடாது. அதோட மோட்டரின்ர விசிறியும் ஆறுதலாச் சுத்த, மோட்டர் வெந்துபோம். திருப்பியும் சொல்லுறன், பெலனைக் கூட்டித் தாறது பெட்டிதான்.

பெட்டியில கன வகை இருக்கு. மலிவானது வேம் கியர், உருக்கில ஒரு பெரிய புரியாணி, அதோட பித்தளை மாதிரி நிறத்தில வெண்கலச் சில்லு. சத்தமில்லை, இடமும் கொஞ்சம். ஆனா பல்லுப் பல்லோட உரஞ்சிக்கொண்டு ஓடுறதால 60 சுத்தை 1 ஆக்கிற பெட்டியில போற சக்தியில மூண்டில ஒரு பங்கு சூடாவே போயிடும், கரண்ட் பில்லில அதுக்கும் நீங்கள்தான் கட்டுறியள். ஹெலிக்கல், சரிவாப் பல்லு வெட்டினது, ஒரு சோடிப் பல்லுச் சில்லுக்கு ரெண்டு வீதம் சூடாப் போனாலே பெரிசு. விலை கூட.

இப்ப எனக்குப் பிடிச்ச கதை. எனக்குத் தெரிஞ்ச ஒரு செக்குக்காரர், அவரின்ர பெட்டி வருசக்கணக்கா ஒரு கரைச்சலும் இல்லாம ஓடினது. அவரின்ர மருமோன் கல்லுடைக்கிற இடத்தில, கல்லு ஏத்துற பெல்ட்டுக்கு, மாமா வச்சிருக்கிறதுதானே எண்டு அதே பெட்டி, அதே குதிரைவலு, அதே விகிதம் எண்டு அச்சொட்டா வாங்கிப் பூட்டினவர். கொஞ்ச மாசத்தில பெட்டி கறகற எண்டுது. கழட்டி ஒயிலை வடிக்கப் போய் நிண்டனான், வாளிக்குள்ள விழுந்த ஒயில் தங்கப் பூச்சுக் கரைச்ச மாதிரி மினுங்குது. அவ்வளவும் வெண்கலப் பல்லு. பெட்டி வித்தவரில மருமோனுக்குக் கோவம், எனக்கெண்டா வித்தவரில பிழை தெரியேல்லை. அது 2022, கறண்ட் வெட்டு ஒரு கட்டத்தில நாளுக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் போன காலம். கறண்ட் போகேக்க பெல்ட் நிறையக் கல்லு நிக்கும், வரேக்க அவ்வளவு பாரத்தோடையும் ஒரே உதையில கிளம்ப வேணும். செக்கு வெறுமனாத் தொடங்கி, பிறகுதான் எள்ளைப் போடுறது. விகிதம் ஒண்டுதான், ஆனா பெட்டி வாங்கிற அடி வேற.

அதால கடைக்குப் போய் எத்தினை குதிரைவலு எண்டு மட்டும் சொல்லாதேங்கோ. ஒரு நாளைக்கு எத்தினை மணித்தியாலம் ஓடும், எத்தினை தரம் நிப்பாட்டித் தொடங்குவியள், அடி விழுற வேலையோ எண்டதைச் சொல்லுங்கோ. கட்டலொக்கில சேவிஸ் பக்டர் எண்டு ஒரு கணக்கு இருக்கு. ஒரே சீரா எட்டுப் பத்து மணித்தியாலம் ஓடுற வேலைக்கு 1, இரவு பகலா அடி வாங்கிற வேலைக்கு 2 வரைக்கும் போகும். வேலைக்கு முறுக்கிற பெலன் 400 நியூட்டன் மீற்றர் தேவை, பக்டர் 1.75 எண்டா, 700 தாங்கிற பெட்டியைத்தான் எடுக்க வேணும். மருமோன் காசை மிச்சம் பிடிச்சது இதிலதான்.

கண்ணாடிக்கு அங்கால தம்பி கையைக் காட்டுறார், சரி சரி. ஒயிலைப் பற்றி அரை மணித்தியாலம் கதைக்க வந்தனான், இனி நடக்காது. ஒண்டு மட்டும். புதுப் பெட்டி வரேக்க மேல ஒரு மூடி இறுக்கிப் பூட்டியிருக்கும், அது லொறியில வரேக்க ஒயில் சிந்தாம இருக்கத்தான். கன பெட்டியோட சின்னப் பையில ஓட்டை உள்ள மூடி ஒண்டும் வரும், அதை மாத்திப் போடுங்கோ. போடாட்டி உள்ளுக்க சூட்டுக் காத்து அமுங்கி, ஒயில் ஒழுகாமப் பிடிக்கிற ஒயில் சீலைத் தள்ளும், நீங்கள் சீலை மாத்தி மாத்திக் களைச்சுப் போவியள். பையை எறிஞ்சிட்டீங்களெண்டா வித்த கடையிலயே கேளுங்கோ, பெரிய விலையில்லை. வணக்கம்.