கிட்டாரில் டி கார்டுக்கு இத்தனை வகை, எதை முதலில் மனப்பாடம் செய்வது? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று மூன்று நாளாக என்னை விடவே இல்லை. வண்டி ஓட்டும்போதும் அதுதான், சாப்பிடும்போதும் அதுதான். அதனால் மற்ற கேள்விகளைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு இதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேட்டவர் ஒரு தமிழாசிரியை. பள்ளியில் பாடம் நடத்திவிட்டு வந்து ராத்திரி அரை மணி நேரம் கிட்டார் எடுக்கிறாராம், ஒரு வருஷமாக. அவர் எழுதியது இதுதான்: "சார், டி மேஜர் சுத்தமாக வருகிறது. அதற்கு அப்புறம் சஸ் டூ, சஸ் ஃபோர், செவன், மேஜர் செவன், சிக்ஸ், மைனர் என்று 11 படம் வரைந்து பீரோ கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன். நாலு நாள் ஆனால் மறந்துவிடுகிறது. எந்த வரிசையில் மனப்பாடம் செய்ய வேண்டும்? ஒரு நாளைக்கு எத்தனை?"

டீச்சர், உங்கள் உழைப்பு எனக்குப் புரிகிறது. 11 படத்தையும் கையால் வரைந்திருக்கிறீர்கள், அது சாதாரண விஷயம் இல்லை. ஆனால் உங்களிடமே ஒன்று கேட்கிறேன். வகுப்பில் மரம், மரத்தை, மரத்தால், மரத்துக்கு, மரத்தில் என்று வேற்றுமை நடத்தும்போது, இதெல்லாம் தனித்தனிச் சொல், ஒவ்வொன்றாக நெட்டுரு போடு என்றா பிள்ளைகளிடம் சொல்வீர்கள்? மரம் ஒன்றுதான், பின்னால் உருபு மாறுகிறது என்றுதானே சொல்வீர்கள்? உருபு தெரிந்த பிள்ளை குளத்தை, பழத்தை, படத்தை எல்லாம் தானாகச் சொல்லிவிடும். கார்டும், அதாவது சில ஸ்வரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிக்க வைப்பதும், அப்படித்தான். டி என்பது மரம். சஸ் ஃபோர், செவன் எல்லாம் உருபு.

நம் வீடியோக்களைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு நான் அடுத்து என்ன சொல்லப்போகிறேன் என்று தெரியும். ஜி கார்டுக்கும் சொன்னேன், போன மாதம் ஏ மைனருக்கும் சொன்னேன், மறுபடியும் சொல்கிறேன். விரல் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். அந்த விரலுக்குக் கீழே என்ன ஸ்வரம் இருக்கிறது என்று பாருங்கள்.

சரி, கிட்டாரை எடுங்கள். டி பிடியுங்கள். டி-யையே ஸ என்று வைத்துக்கொள்வோம். மெல்லிய கம்பியிலிருந்து எண்ணினால் 4-ஆவது கம்பி விரல் வைக்காமல் காலியாக ஒலிக்கிறது, அது ஸ. 3-ஆவது கம்பியில் 2-ஆவது ஃபிரெட்டில் (கழுத்தில் குறுக்கே இருக்கிற உலோகக் கம்பிகள்தான் ஃபிரெட்) ஆள்காட்டி விரல், அது ப. 2-ஆவது கம்பியில் 3-ஆவது ஃபிரெட்டில் மோதிர விரல், அது மேல் ஸ. கடைசியில் மெல்லிய கம்பி, 1-ஆவது கம்பி, 2-ஆவது ஃபிரெட்டில் நடு விரல். அது க, அந்தர காந்தாரம், அதாவது பெரிய க. ஸ, ப, ஸ, க. நான்கு கம்பியில் மூன்றே ஸ்வரம். இதில் ஸ, ப இரண்டும் தூண் மாதிரி நிற்கிறவை. மேஜரா மைனரா, சந்தோஷமா வருத்தமா என்று சொல்வது அந்த ஒரே ஒரு க. அது நடு விரலில் இருக்கிறது. இப்போதைக்கு இது மட்டும் மனதில் இருந்தால் போதும்.

இப்போது அந்த நடு விரலைத் தூக்குங்கள். மற்ற இரண்டும் அசையக்கூடாது. கம்பி காலியாக ஒலிக்கிறது, அது ரி. க போய் ரி வந்துவிட்டது. இதுதான் டி சஸ் டூ. மறுபடி நடு விரலை வையுங்கள், டி. இப்போது சுண்டு விரலை அதே கம்பியில் 3-ஆவது ஃபிரெட்டில் வையுங்கள். அது ம. இதுதான் டி சஸ் ஃபோர். நடு விரலை ஒரு ஃபிரெட் பின்னால் 1-ஆவது ஃபிரெட்டில் வைத்தால் சாதாரண காந்தாரம், அதாவது சின்ன க, டி மைனர். அதற்கு நடு விரலையும் ஆள்காட்டி விரலையும் மாற்றிப் பிடிக்க வேண்டியிருக்கும், அது வேறு விஷயம். ஆனால் பாருங்கள், உங்கள் பீரோ கதவில் இருக்கிற நான்கு படம் ஒரே கம்பியில் முடிந்துவிட்டது. ரி, சின்ன க, பெரிய க, ம. காலி, 1, 2, 3. அவ்வளவுதான்.

இங்கே கையைக் கொஞ்சம் கிட்டே காட்டுகிறேன், கேமராவை இறக்குகிறேன். சுண்டு விரலை வைக்கும்போது நிறையப் பேர் நடு விரலை எடுத்துவிடுகிறார்கள். எடுக்காதீர்கள். அது 2-ஆவது ஃபிரெட்டில் அழுத்தியபடியே இருக்கட்டும், சத்தம் வருவது சுண்டு விரல் இடத்திலிருந்துதான். அப்போதுதான் சுண்டு விரலைத் தூக்கிய அந்த நொடியே டி தயாராகக் காத்திருக்கும். எடுத்துவிட்டால் திரும்பத் தேடி வைக்க வேண்டும், அந்த இடைவெளியில் தாளம் போய்விடும். அதே மாதிரி சஸ் டூவில் 1-ஆவது கம்பி மந்தமாகக் கேட்டால், ஆள்காட்டி விரலின் அடிப்பகுதி, உள்ளங்கையோடு சேருகிற அந்தச் சதை, கம்பியில் உரசுகிறது என்று அர்த்தம். மணிக்கட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளுங்கள், விரல் வளைந்து நிற்கும், கம்பி திறந்துகொள்ளும். இதோ, இப்படி. இப்போது கேட்கிறதா?

இந்த சஸ் ஃபோர் எனக்கு வந்த கதையைச் சொல்ல வேண்டும். 19 வயதில் தூத்துக்குடிப் பக்கம் ஒரு கல்யாண ரிசப்ஷன் கச்சேரி. எனக்கு முக்கால்வாசி கார்டு தெரியாது, தெரிந்ததை வைத்து வாசித்துக்கொண்டிருந்தேன். மேடையில் கையெல்லாம் வியர்வை. ஒரு இடத்தில் டி பிடிக்கும்போது சுண்டு விரல் வழுக்கி 3-ஆவது ஃபிரெட்டில் விழுந்துவிட்டது. ஒரு நொடிதான், சட்டென்று எடுத்துவிட்டேன். எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது, தப்பு செய்துவிட்டோம் என்று. கீபோர்டு வாசித்த அண்ணன் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார், இன்னொரு தடவை பண்ணு என்கிற மாதிரி. பண்ணினேன். அந்த இரண்டாவது தடவைதான் நான் என் கையால் முதல் முதலாக ஒரு கார்டைக் கேட்டேன் என்று சொல்வேன். அதுவரை பிடித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

கச்சேரி முடிந்து பரோட்டாக் கடையில் உட்கார்ந்திருந்தபோது அந்த அண்ணன் சொன்னார். "நீ தொட்டது மத்யமம். தொட்டுட்டு க-வுக்கு இறங்கி வந்தாய் பார், அதுதான் அழகு." அவர் ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்தவக் கோவிலில் ஆர்கன் வாசிப்பவர். சஸ் என்கிற பெயர் எங்கிருந்து வந்தது என்றும் அவர்தான் சொன்னார். ஐரோப்பாவில் 400, 500 வருஷத்துக்கு முன்னால் கோயில்களில் பல குரலாகச் சேர்ந்து பாடும்போது, எல்லாக் குரலும் அடுத்த கார்டுக்குப் போய்விடும், ஒரே ஒரு குரல் மட்டும் பழைய ஸ்வரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கும். தொங்குகிற மாதிரி. சஸ்பென்ஷன் என்றால் தொங்குவதுதானே. கேட்பவர்களுக்கு ஒரு தவிப்பு வரும். அப்புறம் அந்தக் குரல் ஒரு படி கீழே இறங்கி மற்ற குரல்களோடு சேரும். அப்பாடா என்று இருக்கும். ம-விலிருந்து க-வுக்கு இறங்குவது அந்த அப்பாடா.

ஏன் இறங்கத் துடிக்கிறது? ம-வுக்கும் க-வுக்கும் நடுவில் ஒரே ஒரு ஃபிரெட்தான். 1-ஆவது கம்பி காலியாக நொடிக்கு ஏறக்குறைய 330 தடவை அதிர்கிறது, 2-ஆவது ஃபிரெட்டில் 370, 3-ஆவதில் 392. ரி-யிலிருந்து க-வுக்கு 40, க-விலிருந்து ம-வுக்கு 22. அவ்வளவு பக்கத்தில் வீடு இருந்தால் போகாமல் இருக்க முடியுமா? சஸ் டூ அப்படித் துடிக்காது. அது கொஞ்சம் திறந்த வெளி மாதிரி, அப்படியே நிற்கலாம்.

சரி, செவனுக்கு வருகிறேன். இங்கேதான் படம் பார்த்துப் படிப்பவர்கள் எல்லோரும் தடுமாறுகிறார்கள். டி-யிலிருந்து டி செவனுக்குப் போகும்போது மூன்று விரலும் இடம் மாறுகிறது. ஆள்காட்டி 2-ஆவது கம்பி 1-ஆவது ஃபிரெட், நடு விரல் 3-ஆவது கம்பி 2-ஆவது ஃபிரெட், மோதிர விரல் 1-ஆவது கம்பி 2-ஆவது ஃபிரெட். படத்தில் பார்த்தால் புது கார்டு. ஆனால் காதில்? ஸ அங்கேயே இருக்கிறது, ப அங்கேயே, க அங்கேயே. 2-ஆவது கம்பியில் இருந்த மேல் ஸ மட்டும் இரண்டு ஃபிரெட் இறங்கி நி ஆகியிருக்கிறது, கைசிகி நிஷாதம், அதாவது சின்ன நி. ஒரே ஒரு ஸ்வரம்தான் நகர்ந்தது, அதற்கு இடம் கொடுக்கத்தான் மூன்று விரலும் தள்ளி உட்கார்ந்தன. டீச்சருக்கு இது சொல்லாமலே புரியும், மரம் என்பதோடு ஐ சேரும்போது மரமை என்று வராமல் நடுவில் ஒரு அத்துச் சாரியை வந்து மரத்தை ஆகிறதே, அதே கதைதான். தோற்றம் மாறுகிறது, மரம் மரம்தான்.

அதனால் அந்த 2-ஆவது கம்பியை மட்டும் தனியாக இறக்கிப் பாருங்கள். 3-ஆவது ஃபிரெட், டி. 2-ஆவது ஃபிரெட், காகலி நிஷாதம், அதாவது பெரிய நி, டி மேஜர் செவன், இதை ஆள்காட்டி விரலை மூன்று கம்பிக்கும் சேர்த்துப் படுக்க வைத்துப் பிடிக்கலாம். 1-ஆவது ஃபிரெட், டி செவன். காலி, த, டி சிக்ஸ். ஒரு கார்டுக்கு நான்கு நான்கு அடி கொடுத்து மெதுவாக இறங்குங்கள். மேலே ஸ்ட்ரம்மிங், அதாவது கம்பிகளைச் சேர்த்து அடிப்பது, ஒரே மாதிரி போய்க்கொண்டிருக்கும், உள்ளே ஒருத்தர் படி இறங்குகிற சத்தம் கேட்கும். ஸ, பெரிய நி, சின்ன நி, த. அந்த ஸ்வரத்தை வாயால் பாடிக்கொண்டே இறங்குங்கள். பாடாமல் செய்தால் பாதிப் பலன்கூட இல்லை என்பேன்.

இதே கண்ணோடு ஏ கார்டைப் பாருங்கள். அங்கே க எங்கே? 2-ஆவது கம்பி, 2-ஆவது ஃபிரெட். தூக்கினால் சஸ் டூ, ஒரு ஃபிரெட் ஏற்றினால் சஸ் ஃபோர். யாரும் சொல்லிக்கொடுக்காமலே வந்துவிட்டது. ஈ கார்டில் க 3-ஆவது கம்பி 1-ஆவது ஃபிரெட். ஏற்றினால் சஸ் ஃபோர். ஆனால் அங்கே விரலைத் தூக்கினால் சஸ் டூ வராது, ஈ மைனர் வரும். ஏன் என்றால் காலிக் கம்பிக்கும் க-வுக்கும் நடுவில் ஒரே ஃபிரெட்தான், இறங்கினால் சின்ன க-வில் போய் நிற்கிறது. சி கார்டில் க இரண்டு இடத்தில் இருக்கிறது, 4-ஆவது கம்பியிலும் 1-ஆவது கம்பியிலும். ஒன்றை மட்டும் ம-வாக்கிவிட்டு இன்னொன்றை மறந்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். சி சஸ் ஃபோர் சரியாக வரவில்லை என்று போன மாதம் இரண்டு பேர் எழுதியிருந்தீர்களே, காரணம் இதுதான்.

இப்போது உண்மையைச் சொல்கிறேன். டீச்சர் கேட்டது எதை முதலில், ஒரு நாளைக்கு எத்தனை என்று. அவர் வேறு ஒன்று கேட்டிருக்கக்கூடாதா என்றுதான் மூன்று நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். எப்போது போடுவது என்று யாருமே கேட்பதில்லை. சஸ் ஃபோர் பிடிக்கத் தெரிந்த நூறு பேரை எனக்குத் தெரியும். கை சும்மா இருக்கக்கூடாது என்று நினைத்த இடத்தில் எல்லாம் சுண்டு விரலைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். பாட்டு பாவம்.

என் பாட்டி தாலாட்டுப் பாடுவாள். ராகம் பெயரெல்லாம் அவளுக்குத் தெரியாது. "ஆராரோ" என்று ஆரம்பித்து அந்த "ரோ"வை ம-வில் வைத்துக் கொஞ்ச நேரம் நீட்டுவாள், தொட்டில் ஒரு ஆட்டம் போய் வரும், அப்புறம்தான் க-வுக்கு இறங்குவாள். என் தங்கைக்குப் பாடும்போது நான் பக்கத்தில் படுத்துக் கேட்டது. ரொம்ப வருஷம் கழித்து ஒரு நாள் அதைக் கிட்டாரில் வாசித்துப் பார்த்தேன். டி பிடித்துக்கொண்டு வாசித்தால், அந்த "ரோ" வரும்போது குரலும் கையும் ஒட்டவில்லை. குரல் ம-வில் நிற்கிறது, கை க-வைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. சுண்டு விரலை வைத்தேன். ஒட்டிக்கொண்டது. அவள் இறங்கும் இடத்தில் விரலைத் தூக்கினேன். கார்டு தானாக டி ஆனது. யாரோ இரண்டு பேர் சேர்ந்து பாடுகிற மாதிரி இருந்தது. எங்கே போடுவது என்பதை அன்றைக்குப் பாட்டியின் குரல்தான் எனக்குச் சொன்னது.

அதனால் டீச்சர், இந்த வாரம் ஒன்று செய்யுங்கள். 11 படத்தில் டி, சஸ் டூ, சஸ் ஃபோர் மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள், மற்றது கதவிலேயே இருக்கட்டும். உங்களுக்கு வீட்டில் யாராவது பாடிக் கேட்ட ஒரு பாட்டு இருக்கும், இரண்டு வரி போதும். 4-ஆவது கம்பியைத் தட்டி அதை ஸ-வாக வைத்துப் பாடுங்கள். டி-யை மெதுவாக அடித்துக்கொண்டே போங்கள். குரல் எங்கே ம-வில் நிற்கிறது, எங்கே ரி-யில் நிற்கிறது என்று தேடுங்கள். அந்த இடத்தில் மட்டும் விரலை மாற்றுங்கள். 6-ஆவது கம்பியைத் தொடாதீர்கள், 5-ஆவது பட்டால் பரவாயில்லை, அது ப-தான். எந்தப் பாட்டு எடுத்தீர்கள், எந்த எழுத்தில் விரல் மாறியது என்று எனக்கு எழுதுங்கள். அடுத்த வாரம் அதையே வாசித்துக் காட்டுகிறேன்.

சரி, அடுத்த கேள்வி. கேப்போ, அதாவது கிட்டார் கழுத்தில் மாட்டுகிற கிளிப், போட்டால் கம்பி ஏன் சுதி விலகுகிறது என்று கேட்டிருக்கிறார் ஒரு தம்பி.