சுவரில் வெள்ளம் விட்டுப்போன கோடு

நேயர்களுக்கு வணக்கம்.

வெள்ளம் வடிந்த ஓர் அரசு அலுவலகத்தைச் சீரமைத்து விரிவாக்கும் வேலைக்காக உள்ளே போனால், நான் முதலில் தேடுவது சுவரில் படிந்த சேற்றுக் கோட்டை. அதைக் கழுவுவதற்கு முன்னால் அளந்து, படம் எடுத்து, கட்டட வரைபடத்தில் குறித்துவிட வேண்டும். ஆனால் பல இடங்களில் முதல் வேலையாக வெள்ளையடித்துவிடுகிறார்கள். மக்கள் வாசலில் காத்திருக்கிறார்கள், அலுவலகம் சீக்கிரம் திறக்க வேண்டும் என்ற அவசரம் எனக்கும் புரிகிறது. இருந்தாலும் கொஞ்சம் பொறுக்கத்தான் வேண்டும்.

செங்கல் சுவர் அந்தக் கோட்டுக்கு மேலேயும் தண்ணீரை உறிஞ்சி ஏற்றியிருக்கும். தொட்டுப் பார்த்தால் காய்ந்ததுபோல் தெரியும். உள்ளே ஈரம் போக மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் பெயிண்ட் அடித்தால் உப்புப் பூத்து, பூச்சு பொரிந்து உதிரும், பூஞ்சையும் பிடிக்கும். ஈரத்தை அளக்கக் கருவி இருக்கிறது, அதன் கணக்குப்படிதான் போக வேண்டும். தண்ணீரில் மூழ்கிய சுவிட்ச், பிரேக்கர் எதையும் காயவைத்துத் திரும்ப மாட்டக் கூடாது, புதிதாகத்தான் போட வேண்டும். தரைக்குக் கீழே ஒரு தளம் இருந்தால் அங்கே தேங்கிய நீரை ஒரே மூச்சில் இறைத்துவிடாதீர்கள். வெளியே ஊறிக் கிடக்கும் மண்ணின் அழுத்தம் சுவரை உள்ளே தள்ளிவிடும்.

அப்புறம் ஆவணங்கள். 1966 நவம்பரில் இத்தாலியில் ஆர்னோ ஆறு பெருகி, புளோரன்ஸ் நகரத்துத் தேசிய நூலகத்தில் லட்சக்கணக்கான நூல்கள் சேற்றில் மூழ்கின. கீழ்த்தளங்களில் இருந்தவைதான் மிகவும் சேதமடைந்தன. அவற்றைச் சீர்படுத்தும் வேலை பல பத்தாண்டுகள் நீண்டது. நிலப் பதிவேடும் பிறப்புச் சான்றும் ஒரு குடும்பத்தின் உரிமைக்கே ஆதாரம். அவற்றைக் கீழ்த்தளத்தில் அடுக்கி வைப்பதை நினைத்தாலே எனக்கு வேதனையாக இருக்கிறது.

சரி, கட்டடத்தை விரிவாக்குவதற்கு வருவோம். 'நூறாண்டு வெள்ளம்' என்று கேட்டதும், இனி நம் காலத்தில் வராது என்று நினைத்துவிடுகிறோம். எந்த ஓர் ஆண்டிலும் அது வர 1 சதவீத வாய்ப்பு உண்டு என்பதுதான் அதன் பொருள். 30 ஆண்டுகளுக்குக் கணக்கிட்டால் அது ஏறத்தாழ 26 சதவீதம். அதனால் புதுப் பகுதியின் தரைமட்டம் அந்தச் சேற்றுக் கோட்டுக்கு மேலே இருக்கட்டும். மெயின் போர்டு, ஜெனரேட்டர், ஆவண அறை எல்லாம் மாடிக்குப் போகட்டும். தரையை உயர்த்தினால் சக்கர நாற்காலியில் வருபவருக்குச் சாய்தளம் கட்டாயம் வேண்டும். ஓர் அடி ஏற 12 அடி நீளம் தேவைப்படும், அதற்கான இடத்தை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள்.

பழைய கட்டடத்தோடு புதியதை ஒட்டிக் கட்டவும் கூடாது. பழையது எப்போதோ மண்ணில் இறங்கி அமர்ந்துவிட்டது, புதியது இனிமேல்தான் அமரும். நடுவே இடைவெளி விடாவிட்டால் சேருமிடத்தில் விரிசல் விழும். பழைய அஸ்திவாரத்தின் ஓரத்தில் ஒரேயடியாகப் பள்ளம் தோண்டுவதும் ஆபத்து. முக்கியமாக, தண்ணீர் வடிந்துபோன வழியில் புதுச் சுவரை எழுப்பிவிடாதீர்கள். எழுப்பினால் அடுத்த முறை வெள்ளம் பக்கத்து வீடுகளுக்குள் நுழையும்.

புதுப் பகுதி திறக்கும் நாளில், வெள்ளம் ஏறிய உயரத்தைத் தேதியோடு நுழைவாயில் சுவரில் பதித்து வையுங்கள். பத்து வருடம் கழித்து, புது அலமாரியை எங்கே வைக்கலாம் என்று யோசிக்கும் ஊழியர் அதைப் பார்த்துக்கொள்வார்.

நன்றி, வணக்கம்.