இரக்கத்துக்கு ஏன் இவ்வளவு அவசரம்?

நண்பர்களே, கட்டிப்போட்டுச் சாகவிடப்பட்ட ஒரு நாயை மீட்டவரைப் பாராட்ட ஊரே வரும். அந்த நாய் பிழைத்ததா, பிறகு எந்த வீட்டில் வாழ்கிறது என்று விசாரிக்க யாரும் வருவதில்லை. நான் பேச வந்தது அந்தப் பிற்பாட்டைப் பற்றித்தான்.

எலும்பும் தோலுமாக ஒரு நாய் வந்து நின்றால் நம் கை முதலில் தேடுவது சாப்பாட்டைத்தான். அதற்கு வயிறு நிறைந்தால்தான் நமக்கு மனசு ஆறும். ஆனால் நெடுநாள் பட்டினி கிடந்த உடல், தன் கொழுப்பையும் தசையையும் கரைத்தே உயிர் பிழைத்திருக்கிறது. அதற்குள் திடீரென்று நிறைய உணவு, அதிலும் மாவுச்சத்து மிகுந்த உணவு போனால் இன்சுலின் சுரக்கும். இரத்தத்தில் இருக்கிற கொஞ்சநஞ்ச பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாம் செல்களுக்குள் இழுக்கப்பட்டுவிடும். இதயம் தடுமாறும். பட்டினியில் சாகாத நாய் சாப்பாட்டில் செத்துப்போகும். மருத்துவர்கள் இதை ரீஃபீடிங் சிண்ட்ரோம் என்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் சிறைப்பட்டுப் பட்டினி கிடந்து மீண்ட மனிதர்களிடமும் இதே கோளாறு காணப்பட்டது. ஆகவே கால்நடை மருத்துவர் சொல்கிற அளவில், வழக்கமான தேவையில் கால் பங்கு போலத் தொடங்கி, அதையும் பல வேளையாகப் பிரித்துக் கொடுத்து, நாள்போக்கில் கூட்ட வேண்டும். அது இன்னும் வேண்டும் என்று உங்கள் முகத்தையே பார்க்கும். கல்நெஞ்சாக இருங்கள்.

மெலிந்த நாய் எல்லாம் கொடுமைக்கு ஆளான நாய் என்றும் முடிவு கட்டிவிட வேண்டாம். வழிதவறி வாரக்கணக்கில் அலைந்ததாக இருக்கலாம்; சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ இருக்கலாம். தோலுக்கடியில் மைக்ரோசிப், அதாவது உரிமையாளரைக் கண்டுபிடிக்க உதவும் அரிசி அளவு அடையாளச் சில்லு, இருக்கிறதா என்று மருத்துவமனையில் பார்க்கச் சொல்லுங்கள். உண்மையாகவே ஒருவர் வீட்டில் வதைபடுகிறது என்றால், ராத்திரியில் சுவர் ஏறிக் குதிக்காதீர்கள். தேதியோடு படம் எடுத்து வைத்து, சட்டப்படி கேட்கும் அதிகாரம் உள்ளவர்களிடம் போங்கள். திருடி வந்தால் நாயையும் திருப்பிக் கொடுக்க நேரும். திருப்பிக் கொடுக்காவிட்டாலும் அவர் இன்னொரு குட்டியை வாங்கி அதே இடத்தில் கட்டிவிடுவார்.

வீட்டில் வேறு நாய் இருந்தால் புதிதாக வந்ததை இரண்டு வாரமாவது தனியே வையுங்கள். நாய்களுக்குக் கடும் வாந்தியும் பேதியும் வரவைத்து உயிரையே பறிக்கக்கூடிய பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிர்ப்போடு கிடக்கும். குடற்பூச்சி மருந்து, உண்ணி, தடுப்பூசி, கருத்தடை எல்லாம் மருத்துவர் பார்த்துக்கொள்வார். எதை எப்போது என்பதையும் அவரிடமே விட்டுவிடுங்கள்.

மருத்துவர் கையில் இல்லாதது அதன் பயம். மூலையில் ஒண்டிக் கிடக்கிற நாயைத் தூக்கி மடியில் வைத்துக் கொஞ்சுகிறோம். நமக்கு அது அன்பு. அதற்கு, ஓட வழியில்லாமல் அகப்பட்டுக்கொண்டது. பக்கவாட்டில் திரும்பி உட்காருங்கள், கண்ணுக்குக் கண் பார்க்காதீர்கள், அதுவாக வந்து முகரட்டும். உறுமினால் அதட்டாதீர்கள். உறுமல் ஒரு எச்சரிக்கை. அதை அடக்கிவிட்டால் அடுத்த முறை முன்னறிவிப்பே இல்லாமல் கடிக்கும். முதல் சில நாள்களில் கதவு திறந்தால் ஓடிவிடவும் செய்யும். மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று மீட்பர்கள் ஒரு கணக்கு சொல்வார்கள்: மிரட்சி தணிய, வீட்டின் பழக்கம் பிடிபட, இது நம் வீடு என்று நம்ப. தோராயமான கணக்குதான், எந்த நாயும் நாள்காட்டி பார்ப்பதில்லை.

ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்கவில்லை என்பார்கள். தத்துக் கொடுக்கும்போதுதான் இது அப்பட்டமாகத் தெரியும். மாதக்கணக்கில் வளர்த்துத் தேற்றிவிட்டு, முதலில் கேட்டு வந்தவரிடமே கொடுத்து அனுப்பிவிடுகிறோம். பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், வாடகை வீடென்றால் உரிமையாளர் சம்மதித்தாரா, குழந்தைகள் எந்த வயது என்று கேளுங்கள். அதைவிட முக்கியம், நாயின் குறைகளை மறைக்காமல் சொல்வது. சாப்பிடும்போது யாராவது பக்கத்தில் வந்தால் சீறும் என்றால் அதையும் சொல்ல வேண்டும். கேட்டுவிட்டு வேண்டாம் என்று போகிறவர் நமக்கு நல்லதுதான் செய்கிறார். ஒத்துவராவிட்டால் தெருவில் விடாமல் எங்களிடமே திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பிறகு அவ்வப்போது போன் செய்யுங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்டால், நன்றாக இருக்கிறது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ராத்திரி எங்கே படுக்கிறது என்று கேளுங்கள். பதில் வரத் தயங்கினால் நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள்.