எத்தனையாவது ஹைன்ரிக்?

அவையோர்க்கு வணக்கம்.

ஜெர்மனியின் துரிங்கியாவில், கிழக்கு ஓரமாக, 1918 வரை ராய்ஸ் என்ற பெயரில் இரண்டு குட்டிச் சமஸ்தானங்கள் இருந்தன. கிரைட்ஸிலிருந்து ஆண்ட மூத்த கிளைக்கு ஏறத்தாழ 317 சதுர கிலோமீட்டர். கேராவைத் தலைநகராகக் கொண்ட இளைய கிளைக்கு 827. இரண்டு வீட்டிலும் எந்த ஆண் குழந்தை பிறந்தாலும் பெயர் ஹைன்ரிக். வேறு பெயரே கிடையாது.

இளைய கிளையில் ஷ்லைட்ஸ் வீட்டின் பட்ட வரிசையைப் பாருங்கள். 1818இல் 62ஆம் ஹைன்ரிக். 1854இல் அவர் தம்பி, 67ஆம் ஹைன்ரிக். 1867இல் அந்தத் தம்பியின் மகன், 14ஆம் ஹைன்ரிக்! 1913இல் பேரன், 27ஆம் ஹைன்ரிக். இங்கிலாந்து மன்னர்களை எண்ணிப் பழகியவர்கள் இங்கே தடுக்கி விழுவார்கள். 62க்கும் 67க்கும் நடுவில் நான்கு பேர் ஆண்டதாகத் தேடினால் கிடைக்கமாட்டார்கள். எண் பிறந்த வரிசையைச் சொல்கிறது. பட்டத்துக்கு வராதவருக்கும் உண்டு, தொட்டிலிலேயே இறந்த பிள்ளைக்கும் உண்டு. இளைய கிளை நூற்றாண்டுக்கு ஒருமுறை 1லிருந்து மறுபடி தொடங்கும். ஆகவே 1789இல் பிறந்த தந்தை 67, 1832இல் பிறந்த மகன் 14. மூத்த கிளையின் விதி வேறு: 100 வரை எண்ணிவிட்டுத் திரும்ப வேண்டும். கடைசிச் சுற்று 24ஓடு நின்றுபோனது.

பழைய ஆவணத்தில் எண்ணை மட்டும் நம்பினால் ஆள் மாறிவிடும். 24ஆம் ஹைன்ரிக் என்று ஒரே காலத்தில் இருவர் வாழ்ந்தார்கள். 1855இல் பிறந்தவர் இளைய கிளையின் கோஸ்ட்ரிட்ஸ் வீட்டுக்காரர், சிம்பொனிகள் எழுதியவர். 1878இல் பிறந்தவர் கிரைட்ஸின் கடைசி வாரிசு. உடல்நலமில்லாததால் இளைய கிளையார்தான் அவருக்காக ஆட்சியை நடத்தினார்கள். கிளை, பிறந்த ஆண்டு, பிறகு எண்: இந்த வரிசையில் சரிபார்க்க வேண்டும்.

இத்தனை சின்ன நாட்டுக்கு இத்தனை அரண்மனைகள் எதற்கு? பாகப்பிரிவினைதான் காரணம். 1564இல் சொத்து மூன்றாகப் பிரிந்தது. நடுக்கிளை 1616இல் வாரிசின்றி அற்றது. மற்ற இரண்டும் கேரா, ஷ்லைட்ஸ், லோபன்ஸ்டைன், எபர்ஸ்டோர்ஃப், மேல் கிரைட்ஸ், கீழ் கிரைட்ஸ் என்று மேலும் துண்டுபட்டன. மூத்த மகனுக்கே முழுச் சொத்து என்ற விதி 1690இல்தான் வந்தது. அதற்குள் நிலம் சிதறிவிட்டது. வீடு அற்றுப்போனால் பங்காளிக்கு. கேரா வீடு 1802இல் அற்றபோது மூன்று பங்காளிகள் அதைச் சேர்ந்தே நிர்வகித்தார்கள். 1848 புரட்சியில் லோபன்ஸ்டைன்–எபர்ஸ்டோர்ஃபின் 72ஆம் ஹைன்ரிக் முடி துறந்த பிறகே இளைய கிளையின் நிலம் முழுதும் ஒரு கைக்கு வந்தது.

இந்த ஹைன்ரிக்குகளில் எனக்குப் பெரியவராகப் படுபவர் தந்தை இறந்தபின் பிறந்ததால் 'போஸ்துமுஸ்' எனப்பட்டவர் (1572–1635). 1608இல் கேராவில் பள்ளி நிறுவினார். தன் சவப்பெட்டியில் பொறிக்க வேண்டிய வேத வசனங்களை உயிரோடிருக்கும்போதே தேர்ந்தெடுத்தார். அந்த வசனங்களுக்கு இசையமைத்தவர் கோஸ்ட்ரிட்ஸில் பிறந்த ஷூட்ஸ். அவர் பெயரும் ஹைன்ரிக்தான், ஆனால் எண் கிடையாது! 1636 பிப்ரவரியில் அடக்கத்தின்போது அது பாடப்பட்டது.

1866இல் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் மோதிய போரில் கிரைட்ஸ் ஆஸ்திரியா பக்கம் நின்றது. மகன் 22ஆம் ஹைன்ரிக் இன்னும் ஆளும் வயதை எட்டாததால் தாய் கரோலினே ஆண்டார். பிரஷ்யப் படை நுழைந்தது. 1,00,000 தாலர் (அக்கால வெள்ளி நாணயம்) தண்டம் கட்ட வேண்டியதாயிற்று. பிறகு ஜெர்மானியப் பேரரசில் சேர்ந்தபோது கூட்டாட்சி மன்றத்தின் 58 வாக்குகளில் கிரைட்ஸுக்கு ஒன்று, பிரஷ்யாவுக்கு 17. 22ஆம் ஹைன்ரிக் 1902இல் சாகும்வரை அந்த ஒற்றை வாக்கைப் பிரஷ்யாவுக்கு எதிராகவே பிடிவாதமாகப் பயன்படுத்தினார்.

1918இல் இரு கிளைகளின் ஆட்சியும் முடிந்தது. 1919இல் இரண்டும் ஒன்றாகி, 1920 மே 1 அன்று துரிங்கியாவில் கரைந்தன. 1922இல் நெதர்லாந்தின் டோர்ன் மாளிகையில், நாடிழந்த பிரஷ்ய மன்னர் இரண்டாம் வில்ஹெல்முக்கு இரண்டாம் தாரமாக வாழ்க்கைப்பட்ட ஹெர்மினே, 22ஆம் ஹைன்ரிக்கின் மகள்.