கள்ளியை ஏன் குழந்தையாக்கினாள்?

(நாகர்கோவிலில் ஒரு வாசகர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும், முன்வரிசையை நிறைத்திருக்கும் என் மக்களுக்கும் வணக்கம்.

இன்றைக்கு நான் எடுத்துக்கொண்ட விஷயம் பெரியவர்களில் சிலருக்குப் புதிதாக இருக்கும். கல்லூரிப் பிள்ளைகளுக்கோ அது அன்றாடப் பேச்சு. இணையத்தில் பக்கம் பக்கமாக வெளிவரும் மாயப் படக்கதைகளைச் சொல்கிறேன். கதையில் ஒரு பாத்திரம் வரும். பார்க்க மனிதப் பிறவிதான். ஆனாலும் முன்பு நரியாக இருந்திருக்குமோ, பாம்பாக இருந்திருக்குமோ, காட்டுத் தேவதையாக இருந்திருக்குமோ என்று படிக்கிறவர்களுக்கு ஒரு சந்தேகம். அடுத்த பக்கம் வருவதற்குள் ஆளுக்கொரு ஊகம் சொல்லிவிடுவார்கள். வேலையற்ற பேச்சு என்று இதற்காக வீட்டில் ஏச்சு வாங்கிய பிள்ளைகள் இங்கே இருப்பீர்கள். கதையைக் கூர்ந்து படிக்கிறவர்கள்தான் இப்படி ஊகிக்க முடியும் என்பது என் கட்சி. ஆனால் ஊகத்திலும் நல்லது உண்டு, கெட்டது உண்டு. அதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். டாம் சிடெல் என்ற பிரிட்டிஷ் ஓவியர் 2005-இல் தொடங்கிய படக்கதை ‘கன்னர்க்ரிக் கோர்ட்’. ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு நகரம் அளவுக்குப் பரந்த பள்ளி வளாகம். அந்தப் பக்கம் பேசும் விலங்குகளும் தேவதைகளும் வாழும் காடு. காட்டில் இருப்பவர்களில் சிலர் மனிதராக வாழ ஆசைப்படுகிறார்கள். மனித உடல் பெற்று ஆற்றைக் கடந்து வந்து மாணவர்களோடு மாணவர்களாகப் படிக்கிறார்கள். அவர்களுக்கென்று தனி விடுதியே இருக்கிறது. இப்படி ஓர் ஏற்பாட்டைக் கதைக்குள் வைத்துவிட்டு வாரத்துக்கு மூன்று பக்கம் என்று வெளியிட்டால், படிக்கிறவன் சும்மா இருப்பானா? பழைய பக்கங்களுக்குப் போய், ஒரு கட்டத்தின் மூலையில் நிற்கும் முகத்தைக்கூடப் பெரிதாக்கிப் பார்ப்பான். பார்க்கத்தான் வேண்டும். ஓவியர் அதற்காகத்தானே வரைகிறார்?

உருமாற்றம் இந்த மாவட்டத்துக்குப் புதிதில்லை. கௌதமர் வேடம் போட்ட இந்திரன் பாவம் நீங்கிய தலம் என்று சுசீந்திரத்துக்குப் புராணம் சொல்கிறோம். மூன்று தெய்வங்கள் பிச்சைக்கு வந்தவர்களாக அனுசூயை வாசலில் நின்றதும், அவள் அவர்களைக் குழந்தைகளாக்கியதும் அதே கோயிலின் கதைதான். அந்த இந்திரன் பூனையாகி நழுவப் பார்த்தான் என்று கம்பர் பாடுகிறார்.

ஆனால் ஊகம் என்று வந்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவள் தமயந்தி. சுயம்வர மண்டபத்தில் நளன் ஒருவன், நளன் உருவில் தேவர்கள் நால்வர். ஐந்து பேரும் ஒரே அச்சு. அவள் எப்படிக் கண்டுபிடித்தாள் என்பதைப் புகழேந்தி நளவெண்பாவில் ஒரே வெண்பாவில் சொல்லிவிடுகிறார்: கண் இமைத்தது, கால் தரையில் பட்டது, கழுத்து மாலை வாடியது. மூன்று அடையாளங்களையும் எண்ணிப் பார்த்த பிறகே அவள் முடிவுக்கு வருகிறாள். உருவம் மாறினாலும் ஏதோ ஒன்று மாறாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் என்ற நம்பிக்கை வேறு நாடுகளிலும் உண்டு. ஜப்பானியக் கதைகளில் பெண்ணாக வந்த நரியை நாய் கண்டுகொள்ளும். சீனத்து வெள்ளைப் பாம்புக் கதையில், ஐந்தாம் மாதத் திருநாளன்று மனோசிலை என்ற தாதுப்பொடி கலந்த மதுவைக் குடித்ததும் மனைவி பாம்பாகிவிடுகிறாள்.

இனி நம்ம இசக்கிக்கு வருவோம். முப்பந்தலில் காற்றாலைகளுக்கு நடுவே கோயில் கொண்டிருக்கிறாளே, அவள் கதை. திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில் நீலி கதையாக வழங்குவதும் இதன் இன்னொரு வடிவம்தான். 7-ஆம் நூற்றாண்டிலேயே சம்பந்தர் திருவாலங்காட்டுப் பதிகத்தில் அதைத் தொட்டுப் பாடியிருக்கிறார். பாட்டுக்குப் பாட்டு வேறுபாடு உண்டு. ஆனால் நடுவில் இருக்கும் காட்சி ஒன்றுதான். ஒரு வணிகன் ஓடி வருகிறான். பின்னாலேயே இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண். இவர் என் புருஷன், என்னைக் கைவிட்டுப் போகிறார் என்று ஊர்ச் சபையில் அழுகிறாள். இவள் பெண் இல்லை, பேய் என்று அவன் கதறுகிறான். சபையோர் என்ன செய்தார்கள்? குழந்தையை இறக்கி விடச் சொன்னார்கள். அது நேரே வணிகனிடம் போய் அப்பா என்றது. முடிந்தது வழக்கு. அவன் காவலுக்கு வைத்திருந்த மந்திரக் கத்தியையும் வாங்கி வைத்துக்கொண்டு, உன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்து, இருவரையும் ஒரே வீட்டில் தங்க வைத்தார்கள். விடிந்து பார்த்தால் வணிகன் பிணம். வாக்குக் கொடுத்த 70 பேரும் தீயில் இறங்கினார்கள்.

கோயில் கொடை நாளில் நடுச்சாமத்துக்கு மேல் வில்லுப்பாட்டு இந்தக் கட்டத்துக்கு வரும்போது கவனித்திருக்கிறீர்களா? அதுவரை ஓடிக்கொண்டிருந்த பாட்டு நின்று, புலவர் வசனத்துக்கு இறங்குவார். குடம் அடிக்கிறவர் கையை எடுத்துவிடுவார். வீசுகோல் நாணை மெல்லத் தொட, வில்லில் கட்டிய மணி மட்டும் கிலுங்கும். பிள்ளை அப்பா என்று கூப்பிட்டதைப் புலவர் சொல்வார், பின்பாட்டுக்காரர் ஆமா போடுவார். அந்தப் பிள்ளை உண்மையில் அவள் குழந்தையாக்கிய கள்ளிக்கொம்பு என்று பந்தலில் உட்கார்ந்திருக்கும் பாட்டிமாருக்குத் தெரியும். சபையில் இருக்கும் 70 பேருக்குத் தெரியாது. தமயந்தி மூன்று அடையாளம் பார்த்தாள், இவர்கள் ஒன்றே ஒன்றைப் பார்த்தார்கள். அந்த ஒன்றும் ஏமாற்ற வந்தவளே கொண்டுவந்த அடையாளம். ஓவியர் கண்ணுக்கு நேரே நீட்டுகிற ஒரே ஒரு தடயத்தை வைத்து முடிவு கட்டும் ஊகம் எனக்குப் பிடிக்காமல் போனது இந்தக் கதையால்தான்.

இன்னொரு வகை ஊகம் உண்டு. அதைப் பார்த்தால் எனக்கு வருத்தமே வரும். ஒரு பாத்திரம் யாரோடும் சேராமல் தனியே உட்கார்ந்து சாப்பிடுகிறது, முகம் பார்த்துப் பேசுவதில்லை, வேடிக்கைப் பேச்சு புரியாமல் விழிக்கிறது. உடனே, இது மனிதப் பிறவியே இல்லை, ஏதோ மிருகம் என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். மக்களே, நம் வகுப்பறைகளில் அப்படிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களும் அதே படக்கதையைப் படிக்கிறார்கள். தன்னைப் போல இருக்கிற ஒருத்தியைப் பார்த்து இது மனிதப் பிறவி இல்லை என்று நூறு பேர் சொல்வதைப் படித்தால் அந்தப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்? மனிதரிடம் சாதாரணமாக இருக்கக்கூடிய எதுவும் தடயம் ஆகாது. தமயந்தி பார்த்தது குணத்தை இல்லை. கண் இமைப்பதும் கால் மண்ணில் படுவதும் எந்த மனிதனுக்கும் பொது. இதையும் யோசித்துப் பாருங்கள்: அவள் வேற்றாளைப் பிடிக்கக் கிளம்பவில்லை. ஐவரில் மனிதன் யார் என்று தேடினாள். மாலை வாடியவனைத்தான் தேர்ந்தெடுத்தாள்.

சரி, நல்ல ஊகம் எது? இன்ன பாத்திரம் முன்பு இன்னதாக இருந்தது என்று கண்டுபிடிப்பதோடு அது முடிந்துவிடக் கூடாது. ஏன் அந்த உருவம் என்று கேட்க வேண்டும். இசக்கி கதையின் முற்பிறப்பைப் பாடும்போது பதில் வருகிறது. நம்பி வந்த பெண்ணைக் காட்டு வழியில் அவள் தூங்கும்போது கல்லைப் போட்டுக் கொல்கிறான் ஒருவன். யாரும் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்றது ஒரு கள்ளிச்செடி. நீதான் சாட்சி என்று அதைப் பார்த்துச் சொல்லிவிட்டு உயிரை விடுகிறாள். கொன்றவன்தான் அடுத்த பிறவியில் அந்த வணிகன். அந்தப் பிறவியில் அவள் குழந்தையாக்கி இடுப்பில் தூக்கி வந்தது அந்தக் கள்ளியின் கொம்பைத்தான். ஒரு கொலைக்கு இருந்த ஒரே சாட்சியைச் சபைக்குக் கொண்டுவந்திருக்கிறாள். குழந்தை கள்ளிக்கொம்பு என்று சொல்வது பாதி ஊகம். கள்ளி ஏன் என்று சொல்லும்போதுதான் அது முழுமையாகிறது. அப்போதுதான் அவள்மேல் நமக்கு இருந்த பயம் வேறு ஒன்றாக மாறுகிறது. கொள்ளாமா?

ஸ்காட்லாந்தின் வடதீவுகளில் கடல்நாய்ப் பெண்களின் கதைகள் உண்டு. தோலைக் கழற்றிவிட்டுக் கரையில் பெண்ணாக நடப்பாள். தோலை ஒளித்து வைத்தவன் அவளை மனைவியாக்கிக்கொள்வான். என்றைக்குத் தோல் கிடைக்கிறதோ அன்றைக்குக் கடலுக்குப் போய்விடுவாள். அங்கே கேள்வி, தோல் எங்கே என்பது. ஆற்றைக் கடந்து வந்து மனிதப் பள்ளியில் படிக்கிற காட்டுப் பிள்ளையைப் பற்றியும் அதையே கேளுங்கள். எதை விட்டுவிட்டு வந்தது? திரும்பப் போக வழி இருக்கிறதா? போக நினைக்கிறதா? இந்தக் கேள்விகளோடு பழைய பக்கங்களைத் திருப்பினால், கண் நிறத்தை மட்டும் தேடியபோது தட்டுப்படாத எத்தனையோ தட்டுப்படும்.

இங்கே வரையத் தெரிந்த பிள்ளைகள் நான்கைந்து பேராவது இருப்பீர்கள். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இசக்கி கதையைச் சபையில் உட்கார்ந்திருந்த 70 பேரில் ஒருவரின் கண் வழியாக, வாரம் ஒரு பக்கமாக வரையுங்கள். இடுப்பில் இருப்பது என்ன என்று படிக்கிறவருக்குத் தெரியக் கூடாது. ஆனால் கூர்ந்து பார்த்தால் கண்டுபிடிக்க முடிய வேண்டும். குழந்தையின் விரல் மடிப்பில், அது உட்கார்ந்து எழுந்த மண்ணில், எங்கே அடையாளத்தை விடுவது என்பது உங்கள் பாடு. பாட்டு வேண்டுமென்றால் நான் எழுதித் தருகிறேன். இந்தக் கதையை இன்றும் பாடுகிற புலவர்களிடம் கூட்டிக்கொண்டு போகவும் தயார். கூட்டம் கலையுமுன் என்னை வந்து பாருங்கள்.