மூன்றாம் நாள், எட்டு மில்லி

வணக்கம் தோழிகளே. பாப்பா இப்போதுதான் தூங்கினாள், அதனால் கொஞ்சம் மெதுவாகப் பேசுகிறேன்.

இந்த பாட்டிலைப் பாருங்கள். குழந்தை பிறந்த மூன்றாம் நாள் ராத்திரி, இரண்டு பக்கமும் சேர்த்து இருபது நிமிடம் பம்ப் போட்டு, இதில் வந்த தாய்ப்பால் எட்டு மில்லி. பாப்பா 33 வாரத்திலேயே பிறந்துவிட்டாள். என்ஐசியுவில், அதாவது பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில், மூக்கு வழியாகப் போட்ட குழாயில்தான் பால். எட்டு மில்லியைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அங்கிருந்த நர்ஸ் அக்கா, "சீம்பால்மா இது, சொட்டுகூட வீணாக்காதே" என்று சிரிஞ்சில் உறிஞ்சி எடுத்தார். பாட்டில் ஓரத்தில் ஒட்டியிருந்த மஞ்சள் துளியைக்கூட அவர் விடவில்லை.

நான் செய்த தப்பு என்ன தெரியுமா? ஒரு நாளைக்கு ஐந்து தடவைதான் பம்ப் போட்டேன். "ராத்திரி தூங்கு, உடம்பு தேறட்டும்" என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள், நானும் தூங்கினேன். இறைக்கிற கிணறுதான் ஊறும் என்பார்களே, அது பாலுக்கு அப்படியே பொருந்தும். மார்பில் பால் தேங்கி நின்றால் சுரப்பு குறைந்துவிடும். பால் சுரக்க வைக்கிற புரோலாக்டின் என்ற ஹார்மோன் ராத்திரியில்தான் அதிகம். அப்புறம் 24 மணி நேரத்தில் எட்டு தடவை என்று வைத்துக்கொண்டேன், அதில் ஒன்று ராத்திரி இரண்டு மணிக்கு.

அடுத்தது, மார்பில் வைக்கிற இந்தப் புனல். பம்போடு வந்தது 24 மில்லிமீட்டர், எனக்கு அது பெரிது. காம்பைச் சுற்றியிருக்கும் தோலும் சேர்ந்து உள்ளே இழுபட்டு, வலி உயிர் போனது. ஸ்கேலில் காம்பின் அகலத்தை அளந்து 21க்கு மாற்றினேன், அன்றைக்கே வித்தியாசம் தெரிந்தது. பம்பை நிறுத்திய பிறகும் கையால் பீய்ச்சிப் பாருங்கள், கெட்டியான பால் இன்னும் கொஞ்சம் வரும்.

டாக்டர் சரி என்றதும் பாப்பாவைத் தினமும் வெறும் மார்பில் போட்டுக்கொண்டேன், கங்காரு முறையில். அவளை இறக்கிவிட்டு உடனே பம்ப் போட்டால் பால் தானாக இறங்கும். மற்ற நேரத்தில் பம்ப் போடும்போது, அவள் நினைப்பு வர அவள் குல்லாவை மடியில் வைத்துக்கொள்வேன்.

சாப்பாடு பற்றி நிறையப் பேர் கேட்பீர்கள். அத்தை பால் சுறா புட்டும் பூண்டுக் குழம்பும் செய்து தந்தார், ஆசையாகச் சாப்பிட்டேன். ஆனால் மார்பு காலியாகாமல் சாப்பாடு மட்டும் பாலைக் கூட்டாது. மாத்திரை, பவுடர் எதுவும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். இவ்வளவு செய்தும் ஏறவில்லை என்றால் தைராய்டு பார்க்கச் சொல்லுங்கள். பிரசவத்தில் ரத்தம் அதிகம் போயிருந்தால் அதையும் சொல்லுங்கள். காரணம் உங்கள் உடம்பில் இருக்கலாம், உங்கள் முயற்சியில் குறை என்று அர்த்தமில்லை.

முதல் வாரம் பத்தாத பாலுக்கு, தாய்ப்பால் வங்கியிலிருந்து கொடுத்தார்கள். வேறொரு அம்மா தானமாகத் தந்து, 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கிப் பத்திரப்படுத்திய பால். மும்பை சயான் மருத்துவமனையில் 1989-லேயே இப்படி ஒரு வங்கி தொடங்கிவிட்டார்கள். அந்த அம்மா யாரென்று தெரியாது, தினமும் நினைத்துக்கொள்கிறேன். "உனக்குப் பால் பத்தலையா?" என்று பார்க்க வருகிறவர்கள் கேட்பது எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும். தயவுசெய்து யாரிடமும் அப்படிக் கேட்காதீர்கள்.

பதினான்காம் நாள் ஒரு தடவைக்கு நாற்பத்தைந்து மில்லி வந்தது. அன்றைக்குத்தான் முதன்முதலாக, குழந்தைக்குப் பால் புகட்டும் சங்கு மாதிரியான பாலாடையில் கொடுத்தோம். நாக்கை நீட்டி நீட்டிக் குடித்தாள்.

சரி, அசைகிறாள். நான் போகிறேன்.