கண்ணுக்குச் சரியாத் தெரியுற போலி மின்னஞ்சல் முகவரி

அடுத்த கேள்வி. "முகவரி பார்க்க சரியாத்தான் இருக்கு, ஆனா போலின்னு எச்சரிக்கை வருது. எப்படிக் கண்டுபிடிக்குது? அந்தச் சோதனையை பைத்தான் நிரல்மொழில நானே எழுதலாமா?"ன்னு ஒரு நேயர் கேட்டிருக்காங்க.

எழுதலாம். நம்ம கண்ணு உருவத்தைப் பார்க்குது, கம்ப்யூட்டர் எண்ணைப் பார்க்குது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் தர்ற பொது முறைதான் யூனிகோடு. ஆங்கிலத்துல வர்ற சின்ன 'ஏ'வுக்கு அதுல எண் 0061. ரஷ்ய மொழி எழுதற சிரிலிக்லயும் அச்சு அசலா அதே உருவம் இருக்கு, எண் மட்டும் 0430. எந்த எழுத்து எந்த எழுத்துமுறையைச் சேர்ந்ததுன்னு யூனிகோடே ஒரு பட்டியல் தருது. மொழி இல்லைங்க, எழுத்துமுறை. அதை வெச்சு முகவரியை எழுத்தெழுத்தா பாருங்க. லத்தீன், அதாவது ஆங்கில எழுத்துக் கூட்டத்துல ஒரு சிரிலிக் நுழைஞ்சிருந்தா மாட்டிக்கும்.

புள்ளி, கோடு, 0 முதல் 9 வரை, இதெல்லாம் 'பொது'ங்கற வகை. அதையும் தனி எழுத்துமுறையா எண்ணிட்டீங்கன்னா நல்ல முகவரிகூட கலப்படமாத்தான் தெரியும். அட் குறிக்கு முன்னாடி இருக்கற பெயரைத் தனியாவும், பின்னாடி வர்ற டொமைன்ல புள்ளிக்குப் புள்ளி தனித்தனியாவும் பாருங்க. தமிழ்ப் பெயருக்குப் பின்னாடி டாட் காம் வந்தா அதுல என்ன தப்பு? ஜப்பானியர்கள் கான்ஜி, ஹிராகனா, கதகனான்னு மூணு எழுத்துமுறையையும் சேர்த்துத்தான் எழுதுவாங்க, அதையும் அனுமதிக்கணும். டொமைன் 'எக்ஸ்என்' ரெண்டு கோடுன்னு ஆரம்பிச்சா அது பியூனிகோடு, அதாவது மத்த மொழி எழுத்துக்களை ஆங்கில எழுத்து, எண், கோடுகளாலயே குறிக்கற முறை. முதல்ல அதை அசல் எழுத்துக்கு மாத்திடுங்க, இல்லைன்னா வெறும் லத்தீனாத்தான் தெரியும்.

இவ்வளவும் செஞ்சாலும் ஓட்டை இருக்கு. 2017ல ஆப்பிள்ங்கற பெயரை முழுக்க முழுக்க சிரிலிக்லயே எழுதி ஒரு டொமைன் பதிவு பண்ணிக் காட்டினாங்க. கலப்பே இல்லை! நம்ம 'க'வையும் தமிழ் எண் ஒன்றான '௧'வையும் பாருங்க. உருவம் ஒண்ணு, ரெண்டுமே தமிழ் எழுத்துமுறை. இந்தச் சோதனை இதையெல்லாம் சும்மா விட்டுடும்.

அதுக்கு யூனிகோட்ல இன்னொரு பட்டியல் இருக்கு, ஒண்ணுபோலத் தெரியுற எழுத்துக்களோடது. வந்த முகவரியையும் உங்களுக்குத் தெரிஞ்ச முகவரியையும் அந்தப் பட்டியல்படி ஒரே உருவத்துக்கு மாத்திப் பாருங்க. மாத்தினதுக்கு அப்புறம் ரெண்டும் ஒண்ணாகி, மாத்தறதுக்கு முன்னாடி வேறயா இருந்தா, அதான் போலி. என்னைக் கேட்டா இந்த ஒப்பீடுதான் முக்கியம், கலப்புச் சோதனை முதல் சல்லடை மட்டும்தான்.

பைத்தான்ல கூடவே வர்ற யூனிகோடுடேட்டா மாட்யூல்ல எழுத்துமுறை விவரம் கிடையாது, அங்க தேடாதீங்க. யூனிகோடு வேலைகளுக்குன்னே இருக்கற ஐசியூங்கற நிரல் நூலகத்துல ஸ்பூஃப்செக்கர்னு ஒண்ணு இருக்கு, இந்த ரெண்டு சோதனைக்குமே அது போதும்.